ஏறும்போதும் இறங்கும்போதும் கவனம்: வீட்டில் ஸ்டெப்பர் பயன்படுத்தும் மூத்தோருக்கு

மூத்தோருக்கான சுகாதார உரையின் எழுத்து வடிவம்



இன்று பல வீடுகளில் ஒரு சிறிய உடற்பயிற்சிக் கருவியைப் பார்க்கிறோம். இரண்டு பெடல்கள் இருக்கும். ஒன்றை மிதித்தால் மற்றொன்று மேலே வரும். நின்ற இடத்திலேயே படி ஏறுவதுபோல் இருக்கும். இதை ஸ்டெப்பர் என்கிறார்கள். சிலர் தாங்களே வாங்கியிருப்பீர்கள். சிலருக்குப் பிள்ளைகள் வாங்கித் தந்திருப்பார்கள். "அம்மா, வெளியே வெயில், மழை, புகைமூட்டம் எதுவாக இருந்தாலும் வீட்டிலேயே பயிற்சி செய்யலாம்" என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது உண்மைதான்.

படி ஏறுவது நமக்குப் புதிதல்ல. பழைய வீவக புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காது. மின்தூக்கி நிற்கும் மாடியில் இறங்கி, சந்தைப் பையைத் தூக்கிக்கொண்டு, ஒன்று இரண்டு மாடி ஏறி இறங்கித்தான் வீட்டுக்குப் போவோம். 2001ஆம் ஆண்டில் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிய பிறகு, பெரும்பாலான புளோக்குகளில் வீட்டு வாசல் மாடியிலேயே மின்தூக்கி நிற்கிறது. மூத்தோருக்கு இது பெரிய உதவி. ஆனால் அன்றாடம் நம் தொடைக்கும் இடுப்புக்கும் கிடைத்துவந்த வேலை குறைந்துவிட்டது. அந்த வேலையை ஓரளவு திருப்பித் தரக்கூடியது ஸ்டெப்பர்.

ஆனால் மாடிப்படிக்கும் இந்தக் கருவிக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. மாடிப்படி அசையாது, பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இருக்கும். ஸ்டெப்பரில் கால் வைக்கும் இடமே அசைகிறது. பல கருவிகளில் கைப்பிடியும் இல்லை. மிதிக்கும்போது நம் கவனம் முழுவதும் கருவியில் இருக்கும். ஏறும் நொடியிலும் இறங்கும் நொடியிலும்தான் கவனம் சிதறும், உடல் தடுமாறும். ஆகவே இன்றைய பேச்சில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: எத்தனை நிமிடம் மிதிக்கிறோம் என்பதைவிட, எப்படி ஏறி இறங்குகிறோம் என்பதே முக்கியம்.

வயதான காலத்தில் விழுவது சிறிய விஷயமல்ல. எலும்பு மெலிந்தவர்களுக்கு, நின்ற உயரத்திலிருந்து விழுந்தாலே இடுப்பெலும்பு முறியலாம். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தாலும், முன்புபோல் தனியாக நடக்கப் பலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது. சிலரால் பழையபடி நடக்க முடிவதே இல்லை. காலுக்குப் பலம் சேர்க்க வாங்கிய கருவி காலை முடக்கிவிடக் கூடாது.

முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவர்கள்

கீழே சொல்லப்படுபவை உங்களுக்கு இருந்தால், கருவியில் ஏறுவதற்கு முன் உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் பதிந்திருந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த மருந்தகத்தில் அடுத்த முறை போகும்போது இதைக் கேட்கலாம்.

• இதய நோய், நெஞ்சு வலி, அல்லது சிறிது நடந்தாலே மூச்சு வாங்குதல்
• கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம்
• பக்கவாதம், பார்க்கின்சன் நோய்
• எழுந்து நிற்கும்போது தலைசுற்றல்
• கடந்த ஓராண்டில் ஒரு முறையாவது கீழே விழுந்திருத்தல்
• முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை
• எலும்பு மெலிவு நோய்
• நீரிழிவினால் பாதம் மரத்துப்போதல்
• கண்பார்வை மங்குதல்

கேட்கச் சொல்வதால் பயிற்சியே கூடாது என்று பொருள் அல்ல. உங்களுக்கு எது பொருந்தும், எவ்வளவு பொருந்தும் என்று தெரிந்துகொள்ளத்தான்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை

அருகில் ஒருவரை வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் செய்து பாருங்கள்.

ஒன்று: சுவரை ஒட்டிப் போட்ட உறுதியான நாற்காலியில் உட்காருங்கள். கைகளை மார்பின்மேல் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார முடிகிறதா?

இரண்டு: சமையலறை மேடையை ஒரு கையால் இலேசாகத் தொட்டுக்கொண்டு, ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்க முடிகிறதா? இரண்டு காலிலும் மாற்றிச் செய்து பாருங்கள்.

மூன்று: கைப்பிடி உள்ள மாடிப்படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஐந்து படி ஏறி இறங்கினால் முழங்கால் வலிக்காமல் இருக்கிறதா?

மூன்றும் முடிந்தால் ஸ்டெப்பருக்குத் தயாராகலாம். ஒன்று முடியாவிட்டாலும் கருவியை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும், மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவதும் நல்ல பயிற்சிகளே. அவற்றைச் சில வாரங்கள் செய்தபின் மறுபடியும் சோதித்துப் பாருங்கள். உங்கள் வட்டாரத்தில் உள்ள துடிப்பான மூப்படைதல் நிலையத்தில் மூத்தோருக்கான உடற்பயிற்சி வகுப்புகளைப் பற்றியும் கேட்கலாம்.

கருவியை எங்கே வைப்பது?

சமையலறை மேடை போன்ற அசையாத ஒன்றைப் பார்த்தபடி கருவியை வையுங்கள். கையை நீட்டினால் எளிதாகப் பிடிக்க முடிய வேண்டும். அடுப்பு எரியும் நேரத்தில் மட்டும் அங்கே வேண்டாம். சமையலறையில் இடமில்லை என்றால், சுவரில் முறையாகப் பொருத்திய கைப்பிடிக்கு எதிரே வைக்கலாம்.

பிளாஸ்டிக் நாற்காலி, சக்கரம் வைத்த நாற்காலி, துணி காயவைக்கும் கம்பி, தொலைக்காட்சி மேசை ஆகியவற்றை நம்பிப் பிடிக்காதீர்கள். அவை உங்களோடு சேர்ந்து சாய்ந்துவிடும். சாதாரண நடைச்சட்டமும் கவிழலாம். கருவியோடு வரும் மெல்லிய கைப்பிடித் தண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை இலேசாகத் தொட்டு நிற்கலாம். உடல் எடை முழுவதையும் அதன்மேல் சாய்த்தால் கருவியே கவிழக்கூடும்.

வழுவழுப்பான ஓட்டுத் தரையில் கருவி நகரும். அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு போடுங்கள். விரிப்பின் ஓரம் மடங்கித் தூக்கி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பின்பக்கமாகத்தான் இறங்குவீர்கள். எனவே உங்களுக்குப் பின்னால் தரை காலியாக இருக்க வேண்டும். செருப்பு, மின்கம்பி, பேரப்பிள்ளையின் விளையாட்டுப் பொருள் எதுவும் அங்கே கிடக்கக் கூடாது. ஓய்வெடுக்க ஒரு நாற்காலியை ஓரடி தூரத்தில் பக்கவாட்டில் போட்டு வையுங்கள்.

சன்னல் அருகே வைக்க வேண்டாம். கருவியில் ஏறினால் நீங்கள் வழக்கத்தைவிட உயரமாக நிற்பீர்கள்; தடுமாறினால் ஆபத்து. வீட்டுக்கு வெளியே உள்ள பொது நடைபாதையிலும் வேண்டாம். அது தீ விபத்தின்போது எல்லாரும் தப்பிச் செல்லும் வழி. கீழ்வீட்டாரையும் நினைத்துப் பார்த்து, பின்னிரவிலும் விடியற்காலையிலும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

என்ன உடுத்துவது?

வீட்டுக்குள் நாம் வெறுங்காலோடுதான் நடப்போம். ஆனால் பெடலில் வெறுங்கால் வேர்வையில் வழுக்கும். வீட்டுச் செருப்பு நழுவும். காலுறை இன்னும் மோசம். வீட்டுக்குள் மட்டும் அணிவதற்கென்று, அடிப்பாகம் வழுக்காத ஒரு ஜோடி விளையாட்டுக் காலணியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போட்டுச் செல்லாததால் வீடு அழுக்காகாது. நீரிழிவு உள்ளவர்கள் பயிற்சிக்குப் பிறகு பாதத்தில் கொப்புளமோ சிவப்போ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் காயம் பட்டாலும் வலி தெரியாது.

சேலை, கைலி, நீளமான நைட்டி ஆகியவை பெடலுக்குள் சிக்கும். கணுக்காலுக்கு மேல் நிற்கும் கால்சட்டை நல்லது. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் தூரப் பார்வைக் கண்ணாடியையே அணியுங்கள். படிக்கும் கண்ணாடியோடு கீழே பார்த்தால் தரை மங்கலாகத் தெரியும், தூரமும் சரியாகப் புலப்படாது.

ஏறும் முறை

இப்போது முக்கியமான பகுதிக்கு வருவோம். உங்கள் இரண்டு கால்களில் பலமானது எது, வலியோ தளர்ச்சியோ உள்ளது எது என்று உங்களுக்கே தெரியும். "நல்ல கால் முதலில் ஏறும், நோகும் கால் முதலில் இறங்கும்." இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

1. மேடையை இரண்டு கைகளாலும் பிடியுங்கள்.
2. நல்ல கால் பக்கத்துப் பெடலை, அந்தக் காலால் தரைப்பக்கம் முழுவதும் அழுத்துங்கள். அது இனிக் கீழே போகாது.
3. பாதம் முழுவதையும் அந்தப் பெடலில் வைத்து, உடல் எடையை மெதுவாக அதற்கு மாற்றுங்கள்.
4. நிலையாக நிற்கிறீர்கள் என்று தெரிந்த பிறகே, மற்றக் காலை உயரமாக இருக்கும் பெடலில் வையுங்கள்.
5. ஒரு மூச்சு இழுத்து விடுங்கள். பிறகு மிதிக்கத் தொடங்குங்கள்.

உயரமாக நிற்கும் பெடலில் முதலில் ஏறக் கூடாது. எடை விழுந்தவுடன் அது கீழே இறங்கும். படி காலடியிலிருந்து நழுவுவதுபோல் ஆகிவிடும்.

மிதிக்கும் முறை

முதுகை நேராக வைத்து எதிரே பாருங்கள். காலையோ, எண்ணிக்கை காட்டும் திரையையோ குனிந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். முழங்கால் உள்பக்கம் சாயாமல் பாதத்தின் திசையிலேயே இருக்கட்டும். காலை நீட்டும்போது முழங்காலை விறைப்பாகப் பூட்டிவிடாமல் சிறிது தளர்வாக வையுங்கள். பல கருவிகளில் பெடல் ஏறி இறங்கும் உயரத்தை மாற்ற ஒரு திருகு இருக்கும். மிகக் குறைந்த உயரத்தில் தொடங்குங்கள்.

ஒரு கையாவது எப்போதும் மேடையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கருவியோடு இழுவைப் பட்டைகள் வந்திருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். அவை இரண்டு கைகளையும் எடுத்துக்கொள்ளும். கைப்பேசியில் பேசுவது, திரும்பி வாசலில் யாரென்று பார்ப்பது, சமையலை எட்டிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். அழைப்புமணி அடித்தால் அடிக்கட்டும். முறைப்படி இறங்கிய பிறகு போய்க் கதவைத் திறக்கலாம்.

மூச்சை அடக்காதீர்கள். வேகம் சரியா என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. மிதித்துக்கொண்டே ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும். ஆனால் உங்களுக்குப் பிடித்த பழைய திரைப்பாடலைப் பாட மூச்சுப் போதாமல் இருக்க வேண்டும். பேசவே முடியவில்லை என்றால் வேகம் அதிகம். பிசோப்ரோலோல், அட்டினோலோல் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களின் நாடித்துடிப்பு அவ்வளவாக உயராது. ஆகவே கைக்கடிகாரம் காட்டும் எண்ணைவிட இந்தப் பேச்சுச் சோதனையே அவர்களுக்கு ஏற்றது.

எவ்வளவு நேரம்?

முதல் வாரம் 2 நிமிடம் மிதியுங்கள். இறங்கி உட்கார்ந்து ஓய்வெடுங்கள். பிறகு மேலும் 2 நிமிடம். வாரத்தில் மூன்று நாள் போதும். மறுநாள் காலை மூட்டு வலியோ வீக்கமோ இல்லை என்றால், வாரத்துக்கு ஒரு நிமிடமாகக் கூட்டலாம். ஒரே மூச்சில் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

ஏன் இந்த வரம்பு? சிறிய ஸ்டெப்பர்கள் பலவற்றில் பெடலுக்கு அடியில் எண்ணெய் நிரம்பிய இரண்டு உருளைகள் இருக்கும். பெடல் மெதுவாக இறங்குவதற்கு அவைதான் காரணம். தொடர்ந்து மிதித்தால் அந்த எண்ணெய் சூடாகி நீர்த்துவிடும். அப்போது பெடல் இலகுவாகி வேகமாக இறங்கும். அதாவது, உங்கள் கால் களைக்கும் அதே நேரத்தில் கருவியும் தளர்ந்துபோகிறது. களைத்த கால், தளர்ந்த பெடல், அதன்பின் இறங்க வேண்டிய வேலை. விழுவதற்கு வாய்ப்பு அதிகமான நேரம் இதுதான். எனவே "இன்னும் கொஞ்சம் முடியும்" என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள். இறங்குவதற்குப் பலத்தை மிச்சம் வைக்க வேண்டும். பயிற்சி முடிந்தவுடன் அந்த உருளைகளைத் தொடாதீர்கள், கை சுட்டுவிடும்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, உடல் சமநிலையையும் தசைப் பலத்தையும் வளர்க்கும் பயிற்சி வாரத்தில் 3 நாளாவது தேவை என்றும் அது சொல்கிறது. இதை ஸ்டெப்பரிலேயே முடித்துவிட நினைக்க வேண்டாம். காலை 5 நிமிடம், மாலை 5 நிமிடம், வாரத்தில் 5 நாள் என்றால் 50 நிமிடம் ஆகிவிட்டது. மீதி 100 நிமிடத்துக்கு, அதே 5 நாளும் 20 நிமிடம் நடந்தால் போதும். சந்தைக்கு நடந்து போய் வருவதும் கணக்கில் சேரும்.

இறங்கும் முறை

1. வேகத்தைக் குறையுங்கள். இரண்டு கைகளாலும் மேடையைப் பிடியுங்கள்.
2. நல்ல கால் கீழே இருக்கும் நிலையில் நிறுத்துங்கள். அந்தப் பெடல் முழுவதும் இறங்கியிருக்க வேண்டும்.
3. எடை முழுவதும் அந்தக் காலில் இருக்கட்டும்.
4. நோகும் காலை உயரமான பெடலிலிருந்து எடுத்து, பின்னால் தரையில் வையுங்கள். பாதம் முழுவதும் ஊன்ற வேண்டும்.
5. பிறகு நல்ல காலை எடுத்துத் தரையில் வையுங்கள்.
6. உடனே திரும்பி நடக்காதீர்கள். மேடையைப் பிடித்தபடியே பத்து எண்ணும்வரை நில்லுங்கள். தரை அசைவதுபோல் சிலருக்குத் தோன்றும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தலை இலேசாகச் சுற்றலாம். அது அடங்கிய பிறகு நடங்கள்.

சர்க்கரை, மாத்திரை, விரதம்

இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிக்கிளசைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பயிற்சியின்போது சர்க்கரை அளவு திடீரென்று இறங்கலாம். கை நடுக்கம், குளிர்ந்த வேர்வை, படபடப்பு, கடும் பசி ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே முறைப்படி இறங்கி உட்காருங்கள். சோதித்துப் பார்த்து 4க்குக் கீழே இருந்தாலோ, சோதிக்கக் கருவி இல்லை என்றாலோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடியும் சோதியுங்கள்.

தைப்பூசத்துக்கோ புரட்டாசிக்கோ விரதம் இருக்கும் நாளில், வெறும் வயிற்றோடு ஸ்டெப்பரில் ஏற வேண்டாம். நிறைந்த வயிற்றோடும் வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும். அருகில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்றுங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் வலி, இறுக்கம், அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், தலைசுற்றல், தாறுமாறான இதயத் துடிப்பு. இவற்றில் எது வந்தாலும் நிறுத்தி உட்காருங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ வந்தால் 995ஐ அழையுங்கள். "வாயுவாக இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு காத்திருக்காதீர்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வரும்போது வலி இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியும் மட்டுமே தெரியலாம்.

தனியாக வசிப்பவர்கள் கைப்பேசியைச் சட்டைப்பையிலோ இடுப்புப் பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் வைத்த கைப்பேசி, விழுந்தவருக்கு எட்டாது. விழுந்துவிட்டால் அவசரமாக எழ முயலாதீர்கள். கை கால் அசைகிறதா, கடும் வலி இருக்கிறதா என்று பாருங்கள். கால் ஊன்ற முடியாவிட்டால் 995ஐ அழைத்துவிட்டு அப்படியே இருங்கள். வார்ஃபரின், குளோபிடோகிரல் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், தலையில் அடிபட்டால் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே இரத்தக் கசிவு தாமதமாகத் தெரியவரலாம்.

கருவிக்கும் ஒரு பரிசோதனை

அது தாங்கக்கூடிய எடை எவ்வளவு என்று கருவியிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும். எழுத்து சிறியதாக இருந்தால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா, பெடலின் சொரசொரப்பு தேய்ந்திருக்கிறதா, கம்பியோ கயிறோ பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். தரையில் எண்ணெய்த் துளி தெரிந்தால், அல்லது ஒரு பெடல் மட்டும் தடதடவென்று இறங்கினால், அதன்பின் பயன்படுத்த வேண்டாம். பிறர் பயன்படுத்திய கருவியை இலவசமாகக் கொடுத்தாலும் இதையெல்லாம் பார்த்த பிறகே வாங்குங்கள்.

பேரப்பிள்ளைகள் வரும் நாளில் கருவியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். ஏறி இறங்கும் பெடல்களுக்கு நடுவே பிஞ்சு விரல் நசுங்கிவிடும். கனமான கருவியை நீங்களே குனிந்து தூக்க வேண்டாம். பிள்ளைகளையோ பணிப்பெண்ணையோ உதவிக்குக் கூப்பிடுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். காலணி அணிந்து, மேடையைப் பிடித்து, அருகில் ஒருவர் நிற்க, ஐந்து முறை ஏறி இறங்க மட்டும் பழகுங்கள். மிதிக்கவே வேண்டாம். நல்ல கால் முதலில் ஏறும், நோகும் கால் முதலில் இறங்கும். ஐந்து முறையும் தடுமாறாமல் வந்தால், நாளை 2 நிமிடம் மிதிக்கலாம்.